பறந்து வந்த உரம்



விடுதியில் என் பெயர் "கொக்கு". சொந்த ஊர் வேடந்தாங்கல் என்று முதல் நாளே வாய் தவறிச் சொன்னதன் பலன்! முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஏழாவது படிக்கும்போது தீபாவளிக்கு மாமா சென்னையிலிருந்து ஒரு பெட்டி வெடி வாங்கி வந்தார். ஏரிக்கரைக்கு ஓடினேன். திரியைப் பற்ற வைப்பதற்குள் அப்பா பிடுங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் யாரும் வெடி வெடிப்பதில்லை. "உனக்குப் பறவை பெருசா, நான் பெருசா?" என்று அழுதேன். அப்பா பதிலே பேசவில்லை.

தை மாதம் நவரை நடவு. வாய்க்கால் ஓரம் என்னை நிறுத்திச் சொன்னார்: "கடையில யூரியா வாங்குனா மூட்டைக்கும் காசு, தூக்கியாறதுக்கும் கூலி. இதுங்க பறந்து வந்து போட்டுட்டுப் போவுதுங்க. வெடி வச்சு வெரட்டலாமாடா?"

விஷயம் இதுதான். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் தண்ணீரில் விழும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் நேரே வயலுக்குத்தான்.

இதைச் சட்டம் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது எங்கள் முன்னோர் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் எழுத்திலேயே உரிமை வாங்கினார்கள். சரணாலயம் என்ற அந்தஸ்து 1936-ல்தான் வந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

சீசனில் வேன் வேனாகக் கூட்டம் வரும். இளநீர், வேர்க்கடலை, டீ என்று நாலு குடும்பம் பிழைக்கும். ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி காய்ந்தது, பறவைகள் வரவில்லை, கடைகளும் இல்லை. அப்பா உரக்கடையில் கடன் சொன்னார். என் பாலிடெக்னிக் பீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. பறவை பெருசா, நான் பெருசா என்று கேட்டேனே, பதில் அன்றுதான் புரிந்தது. இரண்டும் ஒரே கணக்கு!

நண்பர்களே, நாளை நாம் டிப்ளமோவோடு ஏதோ ஒரு ஊரில் ரோடு போட, ஆலை கட்ட அளவெடுக்கப் போவோம். அங்கே ஓர் ஏரியோ காடோ இருந்தால், அதனால் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று முதலில் விசாரியுங்கள். ஊருக்குப் பலன் இருந்தால் காவலுக்கு ஊரே நிற்கும்.

மற்றபடி, கொக்கு என்றே கூப்பிடுங்கள். சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பேன்!