சூப் பாய்னு ஓட்டாதீங்க பாஸ்!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுங்கிறது எங்க ஹாஸ்டல் ரூல். அதை மதிச்ச ஒரே ஜீவன் என் ரூம்மேட்தான். இயர்போனை மாட்டிக்கிட்டு, போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டு, ஒரே பாட்டை ரிப்பீட்ல விடுவான். '7ஜி ரெயின்போ காலனி'யில் வர்ற 'நினைத்து நினைத்து'. யுவன் இசை, நா.முத்துக்குமார் வரிகள், கே.கே. குரல். 2004-ல் வந்த பாட்டு. அப்போ நாங்க பிறக்கவே இல்லை!

போர்வைக்குள்ள இருந்து கே.கே. கசியும்போதெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம். 'யாருடா பொண்ணு... ஈ.சி.ஈ-யா, ஐ.டி-யா?'னு ஓட்டுவோம். 'சூப் பாய்'னு பட்டப்பேர் வெச்சதே நான்தான். மெஸ்ல சாப்பாட்டைத் தொடாம அவன் எழுந்து போனப்பகூட, 'லவ்வு மாப்ளே'னு சிரிச்சோம்.

மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்து ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ராத்திரி கரன்ட் போச்சு. அவன் மொபைல்லயும் சார்ஜ் இல்லை. பாட்டு நின்னதும்தான் அவன் அழறது கேட்டுச்சு.

'எந்தப் பொண்ணுடா?'ன்னேன். (அப்பவும் அதைத்தான் கேட்டேன். என்ன ஜென்மமோ!)

'பொண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. அஞ்சு அரியர்டா. வீட்ல ஆல் க்ளியர்னு சொல்லியிருக்கேன். எஜுகேஷன் லோன்ல அப்பா கையெழுத்து இருக்கு. கண்ணை மூடினா அதான் தெரியுது.'

'அதுக்கு எதுக்குடா லவ் ஃபெயிலியர் பாட்டு?'

'அரியருக்குனு தனியா பாட்டு இருக்கா என்ன?'

யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சு இல்லை பாஸ்! நம்ம சினிமாப் பாட்டுல ஒரு பையன் உடைஞ்சுபோனா, பெரும்பாலும் காரணம் ஒரு பொண்ணு. இல்லேன்னா, 'ஒவ்வொரு பூக்களுமே' மாதிரி தட்டி எழுப்புற பாட்டு. பா.விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு, குறையே சொல்ல முடியாது. ஆனா, எழுந்திருக்கவே தெம்பு இல்லாதவன் எதைக் கேப்பான்?

'7ஜி'யையே எடுத்துக்கோங்க. கதிர் சரியாப் படிக்காம அப்பாகிட்ட வாங்கிக்கட்டிக்கிறவன். அவனுக்கு வேலை கிடைச்சதும் எதிர்ல விறைப்பா இருக்கிற அப்பா, ராத்திரி அம்மாகிட்ட உடைஞ்சு அழுவார். என் ரூம்மேட்டைப் பிடிச்சு உலுக்கினது அந்த ஸீன்தானாம். ஆனா, அதுக்குப் பாட்டு இல்லை. அதனால அதே படத்தோட காதல் பாட்டைக் கேட்டு அழுதிருக்கான்.

இன்னொரு கொடுமை, '3' படம். 2012-ல் வந்தது. அதுல தனுஷுக்கு பைபோலார் டிஸார்டர்ங்கிற மனநோய். கதையே அதுதான். ஆனா, நமக்கு ஞாபகம் இருக்கிறது 'கொலவெறி'யும், அதோட வந்த 'சூப்'ங்கிற வார்த்தையும் மட்டும்தான்!

இங்கிலீஷ் பாட்டு கேக்கற பசங்களுக்கு லிங்கின் பார்க் இருக்கு. அவங்களோட 'நம்ப்' (2003), அடுத்தவங்க எதிர்பார்ப்புல மூச்சு முட்டுறதைப் பத்தின பாட்டேதான். ஆனா, அதைப் பாடின செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். வலியைப் பாடிட்டா அது தீர்ந்துடும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி இல்லைபோல.

கரன்ட் வர்ற வரைக்கும் பேசினோம். மறுநாள் 14416-க்கு போன் போட்டோம். 'டெலி மானஸ்'னு 2022-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ரெண்டு தடவை ரிங் போகும்போதே கட் பண்ணிட்டான். மூணாவது தடவை பேசினான். நான் வராண்டாவுல நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்தான். அவர் என்ன சொன்னார்னு இதுவரை என்கிட்டச் சொல்லலை. நானும் கேக்கலை.

கே.கே. இன்னும் ரிப்பீட்ல ஓடுறார். 'யாருடா பொண்ணு?'னு இப்போ நான் கேக்கறதில்லை. 'மேத்ஸ்ல எத்தனை யூனிட் முடிச்சே?'னு கேக்கறேன். அதுக்கும் திட்டுறான்!