மூன்று கம்பி

என் தங்கை மகன் ‘சீரியல் கன்சோல்’ என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி அது எந்தச் சேனலில், எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. நம் வயதுக்காரர்களுக்குச் சீரியல் என்றால் அதுதானே. இந்தச் சீரியல் வேறு. ஓர் எழுத்தை எட்டுத் துண்டாக்கி, ஒரே கம்பியில், ஒன்றன் பின் ஒன்றாக அனுப்புவதற்குப் பெயர் அது. ரேஷன் கடை வரிசை மாதிரி.

அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது. எனக்கு இன்னும் பையன்தான். புதுச்சேரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு மும்பையில் இருக்கும் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறான். அந்தக் கணினிகளுக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. குளிரூட்டிய ஒரு கூடத்தில் இரும்பு அலமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். சர்வர் என்கிறார்கள். தினமும் இணையம் வழியாக உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வருவான். என் கேள்வியெல்லாம் ஒன்றுதான்: இணையம் வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்றால், அந்த இணைய இணைப்பே கெட்டுப்போனால் எப்படிப் போவாய்?

“அதுக்குத்தான் மாமா கன்சோல்” என்றான்.

கருவூலத்தோடு பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். காப்பறைக்கு இரட்டைப் பூட்டு இருக்கும். இரண்டு பேரிடம் இரண்டு சாவி. மாற்றுச் சாவிகளை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காப்பறைக்குள்ளேயே மாற்றுச் சாவியை வைக்க எந்த அதிகாரிக்கும் தோன்றாது. ஆனால் உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கே இதில் சறுக்கல் வந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனது நினைவிருக்கிறதா? நம் வீட்டில் எல்லோரும் தத்தம் போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோமே, அந்த நாள். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய இணைப்புகளையெல்லாம் துண்டித்துவிட்டது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனிப் பாதையும் சேர்ந்தே படுத்துவிட்டது. கடைசியில் பொறியாளர்களை நேரில் அனுப்பித்தான் சரிசெய்தார்கள். மாற்றுச் சாவியும் காப்பறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது போலத்தான்.

சரி, கன்சோலுக்கு வருகிறேன். பிரெஞ்சில் படித்தவனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே இரண்டு அர்த்தம் வரும். ஒன்று, பால்கனிக்கு அடியில் சுவரோடு முட்டுக் கொடுத்து நிற்கும் தாங்கி. இன்னொன்று, ‘ஆறுதல் சொல்கிறது’. பையன் சொன்ன கன்சோலுக்கு இரண்டுமே பொருந்துகிறது.

எனக்கு அந்தச் சாதனம் புதிதல்ல என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் போட ஒரு கணினி வந்தது. கணினி ஒன்றுதான்; செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய ஏ.சி. அறையில் அது இருந்தது. எங்கள் மேசைக்கு வந்தவை வெறும் திரையும் விசைப்பலகையும். டம்ப் டெர்மினல் என்பார்கள். அதற்கென்று மூளை கிடையாது. கம்பியில் வருவதைக் காட்டும், நாம் அடிப்பதை அனுப்பும். வேகம் 9600. நொடிக்கு 960 எழுத்து என்று கணக்கு. திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஆக ஒரு திரை நிரம்ப இரண்டு நொடி. பச்சை எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இரண்டு நொடியில் எங்கள் சூப்பிரண்டு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொள்வார்.

அதே கம்பிதான் இது. 1960இல் அமெரிக்காவில் ஆர்.எஸ்.232 என்று பெயர் வைத்த தரம். இன்றைக்கும் பல சர்வர்களின் முதுகில் ஒன்பது ஊசி கொண்ட அந்தப் பழைய துவாரம் இருக்கிறது. ஒன்பதில் மூன்று போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று. இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைக்கும்போது அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் குறுக்காக மாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், இரண்டும் ஒரே கம்பியில் காது வைக்கும். சில சம்பந்திகள் பேசிக்கொள்வது மாதிரி.

அந்த வேகத்தைப் பையன் ‘பாட் ரேட்’ என்று சொன்னான். நான் திருத்தினேன். அது ‘போ’. போதோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரிலிருந்து வந்த அலகு. “தமிழ்லயும் போன்னா போறதுதானே மாமா, சரியாத்தான் இருக்கு” என்றான். இப்படியெல்லாம் பேச எங்கே கற்றான் என்று தெரியவில்லை. அவன் அம்மாவுக்கு இந்த வாய் கிடையாது.

எமீல் போதோ நம்மைப் போல ஓர் அரசு ஊழியர் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 1845இல் பிரான்சில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். ஊர் ஆரம்பப் பள்ளிக்கு மேல் படிப்பில்லை. அப்பாவின் நிலத்தில் வேலை செய்தார். பிறகு தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். ஒரே கம்பியில் பலருடைய செய்திகளை முறைவைத்து அனுப்ப முடியுமா என்று யோசித்தபோது, துறை அவரைத் தட்டிக்கொடுத்தது. ஆனால் அதை உன் சொந்த நேரத்தில் செய்துகொள் என்றது. எந்த நாட்டு அரசாங்கமாக இருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மாறாது போலிருக்கிறது! 1874இல் காப்புரிமை வாங்கினார். 1877இல் பாரிஸ், பொர்தோ தடத்தில் அது ஓடத் தொடங்கியது. ஐந்தே கட்டைகள்; இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று, ஆர்மோனியம் வாசிப்பது போல. எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம், ஐந்து துடிப்பு. மோர்சில் ஒரு எழுத்து குட்டை, ஒரு எழுத்து நெட்டை. இவர் எல்லாவற்றையும் சமமாக்கினார். கணினிகள் இன்று எழுத்தைத் துண்டாக்கும் முறைக்கு அதுதான் பாட்டன். அவர் இறந்தது 1903இல். 1926இல் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அவருக்குப் பின் டெலிபிரிண்டர் வந்தது. தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் அந்தச் சடசட சத்தம் காதில் விழும். நம் நாட்டில் தந்தியை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆனால் லினக்ஸ் கணினிக்குள் இன்றும் ஒவ்வொரு முனையத்துக்கும் ‘டிடிஒய்’ என்றுதான் பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம். ஆள் போய்விட்டார், பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது.

இனி பையன் செய்த வேலை. மும்பை அலமாரியில் சர்வருக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையளவு சின்னக் கணினி ஒன்றை வைக்கச் சொன்னான். அதற்குத் தனி மின்செருகி, தனி சிம் கார்டு. சர்வர் போகும் இணையம் வேறு, இது போகும் செல்போன் பாதை வேறு. இரண்டுக்கும் நடுவே அந்த மூன்று கம்பி. சாதாரண சிம் கார்டை வெளியிலிருந்து இணையம் வழியாகக் கூப்பிட முடியாதாம். ஆகவே இந்தச் சின்னப் பெட்டியே ராத்திரி பகலாகப் பையனின் வேறொரு கணினியைக் கூப்பிட்டு, அந்தப் பாதையைத் திறந்தே பிடித்துக்கொண்டிருக்கும். கூர்க்கா மணிக்கொரு தடவை விசில் ஊதுகிற மாதிரி.

கம்பி போட்டால் மட்டும் போதாது. ‘நீ பேசுவதைத் திரையில் மட்டுமல்ல, இந்தக் கம்பியிலும் பேசு’ என்று சர்வரிடம் நான்கு கட்டத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கணினி கண் விழிக்கும்போதே இயங்கும் பயாசுக்கு ஒரு தடவை. அடுத்து, எந்த லினக்ஸை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் என்ற நிரலுக்கு. பிறகு லினக்சின் கருவான கெர்னலுக்கு. திரை, கம்பி இரண்டின் பெயரையும் அதற்கு எழுதித் தரலாம். கடைசியாக எழுதியதுதான் முதன்மை. கடைசியாக, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நிரலுக்கு. அதன் பெயர் கெட்டி. பெயர் நன்றாக இருக்கிறது. நான்கிலும் ஒரே வேகத்தைக் குறிக்க வேண்டும். பையன் 115200 வைத்தான். ஒரு கட்டத்தில் வேகம் மாறினால் அதுவரை ஒழுங்காக வந்த எழுத்து அங்கிருந்து கிறுக்கலாகிவிடும். முதல் தடவை சோதித்தபோது க்ரப் வரை அழகாக வந்து, பிறகு திரை முழுக்கக் கேள்விக்குறியும் பூச்சிக்கால்களும். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தான்.

இன்னொன்று சொன்னான், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்றே கம்பி என்பதால், நாம் எழுந்து போய்விட்டோம் என்பது சர்வருக்குத் தெரியாது. வெளியேறுகிறேன் என்று சொல்லாமல் இணைப்பை மட்டும் துண்டித்தால், அடுத்து யார் அந்தக் கம்பியைப் பிடித்தாலும் கதவு திறந்தே இருக்கும். பீரோவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதற்குச் சமம். அதனால் சில நிமிடம் யாரும் எதுவும் அடிக்காவிட்டால் தானே வெளியேற்றும்படி வைத்திருக்கிறான். சின்னப் பெட்டிக்குள் நுழையக் கடவுச்சொல்லை நம்பாமல் சாவிக் கோப்பு. போதாக்குறைக்கு, சர்வர் கம்பியில் சொல்வதை எல்லாம் அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொள்கிறது. சர்வர் திடீரென்று செத்துப்போனால் அதன் கடைசி வார்த்தைகள் அங்கே இருக்கும். மரண வாக்குமூலம் என்றேன். அவனுக்குப் பிடித்துவிட்டது, இப்போது அந்தக் கோப்புக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறான்.

இவ்வளவுக்கும் பணம் கொடுக்க வேண்டியவர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் உரிமையாளர். மதுரையிலும் திருச்சியிலும் கிளைகள் உண்டு. மாதாமாதம் சிம் கார்டுக்கும் அலமாரி இடத்துக்கும் தனியாகப் பணம் கேட்டால் யாருக்குத்தான் இனிக்கும்? “ஒரு வருஷமா ஒரு தடவைகூட உபயோகிக்கல, எதுக்கு இது” என்று 2024 அக்டோபரில் கேட்டிருக்கிறார். தணிக்கைக்காரர் கேட்கும் கேள்விதான். தப்பு சொல்ல முடியாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டான்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரையைக் கடந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகராமல் நின்று கொட்டியதே! ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். மறுநாள் கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்டது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர், தங்கை குடும்பமும் நாங்களும் மாடியில். மும்பையில் மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் முன்பே குறித்து வைத்திருந்த பராமரிப்புக்காக அன்று ராத்திரி சர்வரை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். அது திரும்பி வரவில்லை.

ஞாயிறு விடியற்காலை மதுரையிலிருந்து அழைப்பு. ஆஸ்பத்திரிகளுக்கு முடிவுகளைக் கணினியில் அனுப்ப முடியவில்லை. கையால் எழுதிப் போனில் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 என்பதை ஒருவர் 5.3 என்று காதில் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரக நோயாளிக்கு அது எண் விளையாட்டல்ல.

பையனின் போனில் சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. படம் எதுவும் வராது. ஆனால் கன்சோலுக்கு வேண்டியது எழுத்து மட்டும். ஒரு முழுத் திரைக்கு இரண்டாயிரம் எழுத்துகூட இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து திக்கித் திக்கி வந்தது. பழைய நகல்களை வைத்திருந்த இரண்டாவது வட்டு விழிக்கவில்லை. சர்வர் ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. இணைய இணைப்பைத் தொடங்கும் கட்டத்துக்கே அது போகவில்லை. பராமரிப்புக்காரரின் கடவுச்சொல்லைக் கொடு என்று மும்பை இருட்டில் யாரிடமோ கேட்டுக்கொண்டு நின்றது.

கொடுத்தான். அந்த வட்டைத் தேடச் சொல்லும் ஒரு வரியின் தலையில் ஒரு குறி போட்டு அதை விலக்கிவைத்தான். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய் வந்தது. கம்பியின் மறுமுனையில் எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது. மறுபடி துவக்கினான். வரிகள் ஓடின, எண்ணூறோ ஆயிரமோ, கடைசியில் கெட்டி வந்து ‘பெயர்?’ என்று கேட்டது. பையன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். தங்கை கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள், பால் இல்லை.

மதுரையில் ஏழே முக்காலுக்குக் கணினி வழியாக முடிவுகள் போகத் தொடங்கின. உரிமையாளர் அடுத்த மாதப் பணத்தைக் கேட்காமலே அனுப்பிவிட்டார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேலை நேரம் முடிந்தபின், மும்பைக்காரர்களிடம் சொல்லி சர்வரின் இணையக் கம்பியை ஐந்து நிமிடம் பிடுங்கச் சொல்லிப் பையன் கன்சோல் வழியாக உள்ளே போய்ப் பார்க்கிறான். அதே நிலையத்துக்குச் சென்னையில் இன்னொரு சர்வர் இருக்கிறது. அதற்கும் இப்படி ஒரு பெட்டி வைக்க மதிப்பீடு போட்டு ஜனவரியில் அனுப்பினான். அந்தக் கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறதாம்.