பெட்டிக்குள் இருந்த ஆகஸ்ட் 2011

இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியை ஆய்வுப் பொருளாகக் கொள்பவர் முதலில் முட்டிக்கொள்வது கோட்பாட்டுச் சிக்கலில் அன்று. மூலம் இல்லை என்ற எளிய உண்மையில்தான். அச்சாகும் நூலின் படியைக் கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். 1956இல் நாளிதழ்களும் அதில் சேர்ந்தன. ஒளிபரப்புக்கு அப்படியொரு சட்டம் இல்லை. தனியார் அலைவரிசைகள் தாம் ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனை. அதன் நோக்கம் கண்காணிப்பு, வரலாறு அன்று. பிரான்சு 1992லேயே ஒளிபரப்புக்கும் சட்டப்படி வைப்பு முறையைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் மாலைச் செய்திகளைப் பதிவு செய்து வருகிறது. இங்கே அந்த வேலையை, செய்கிறோம் என்று அறியாமலே, சில வீடுகளின் வரவேற்பறைகள் செய்திருக்கின்றன.

புணேயில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டில் இருந்த பதிவுப் பெட்டி அத்தகையது. திரைப்படத்துக்கு 1964 முதல் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கும் நகரம் அது. பேராசிரியர் இறந்து இரண்டாண்டுகள் ஆகியும் அவருடைய மனைவி மாதந்தோறும் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். கட்டாமல் விட்டால் நேரலை மட்டுமல்ல, பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளும் ஓடா. பெட்டி மிகப் பழையது, இலவசமாகப் புதியது தருகிறோம், பழையதைத் திருப்பித் தரவேண்டும் என்று நிறுவனம் தொலைபேசியில் சொன்னபோதுதான், அவரிடம் முன்பு படித்த ஓர் ஆய்வு மாணவிக்குச் செய்தி போனது.

அவளுடைய ஆய்வு, 2011 ஆகஸ்டில் இந்தி செய்தி அலைவரிசைகள் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதத்தைக் காட்டிய விதம் பற்றியது. 16ஆம் தேதி காலையில் கைது, திகார் சிறை, 19ஆம் தேதி ராம்லீலா மைதானம், 28ஆம் தேதி உண்ணாவிரத முடிவு. யூடியூபில் துண்டுகள் ஏராளமாக உண்டு. ஆனால் அவை துண்டுகள். தொலைக்காட்சியைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக அல்லாமல் ஓர் இடையறாத ஓட்டமாகப் பார்க்க வேண்டும் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதியதை ஊடகத்துறை மாணவர் எவரும் முதலாண்டிலேயே படித்துவிடுகிறார்கள். மயாமி நகர் விடுதியறை ஒன்றில் அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பார்த்துத் திகைத்த அனுபவத்திலிருந்து வந்த கருத்து அது. அந்த ஓட்டம் இணையத்தில் கிடைப்பதில்லை. விளம்பர இடைவேளை எப்போது வந்தது, இடைவேளைக்கு முந்தைய வாக்கியம் எது, மேடைப் பேச்சின் அடியில் அந்த மாதம் சரிந்துகொண்டிருந்த பங்குச் சந்தைக் குறியீடு எப்படி ஓடியது என்பனவெல்லாம் அலைவரிசை தானே வெட்டிப் பதிவேற்றும் காணொளியில் உதிர்ந்துவிடும். பேராசிரியரின் பெட்டியில் அவை அப்படியே இருந்தன. அவர் மாலைதோறும் மூன்று மணி நேரம் பதிவு செய்திருந்தார்.

வன்தட்டைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. கணினி அந்த வட்டை அடையாளம் காணாமல், ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று சொல்லி எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. கோப்புகளை எப்படியோ எட்டிப் பிடித்தாலும் அவை மறையாக்கம் செய்யப்பட்டவை. திறவுகோல் அந்தப் பெட்டியின் சில்லோடும் அட்டையோடும் பிணைந்திருக்கும். ஆகவே மிஞ்சிய வழி ஒன்றுதான். பெட்டி தானே பதிவை ஓட்ட வேண்டும். அதன் முதுகில் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து வரும் சமிக்ஞையை ஒரு யுஎஸ்பி கருவி வழியாகக் கணினி பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம். விரைவுபடுத்த வழியே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்டிக்குள் சுருக்கி வைக்கப்பட்ட ஒரு மணி நேரம் ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கும். அதே நேரத்தை 576 வரிகளோடு, இடைப்பின்னலைக் கலைக்காமல், இழப்பில்லாத வடிவில் பிடித்தால் 30 முதல் 40 ஜிபி வரை ஆகிறது. நகல் மூலத்தைவிடப் பன்மடங்கு பெரியது, தரத்தில் குறைந்தது. ஆயினும் ஆவணத்துக்கு அதுவே முறை. இடத்தை மிச்சப்படுத்த அப்போதே இன்னொரு முறை சுருக்கினால், அடியில் ஓடும் சிற்றெழுத்துகள்தாம் முதலில் கரையும்.

சட்டத்தைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு ஒரு சொல். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாள்கையை அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. மஞ்சள் துளை வழியில் எந்தப் பூட்டும் உடைவதுமில்லை. நகலைப் பொதுவெளியில் ஏற்றுவது வேறு கதை.

மாணவி முதலில் செய்தது பதிவுப் பட்டியல் திரைகளைக் கைபேசியில் படமெடுத்ததுதான். தேதி, அலைவரிசை, நீளம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிடிக்கப்பட்ட காணொளியில் அவை வராது. அடுத்து, திட்டமிட்டிருந்த தொடர்பதிவுகளை நிறுத்தினாள். இடம் நிறைந்தால் பெட்டி பழையதைத் தானே அழித்து இடம் தேடிக்கொள்ளும். யாரும் பார்க்காத ஒரு நெடுந்தொடர் இரண்டாண்டுகளாகப் பதிவாகி, எதை எதையோ தின்றிருந்தது.

வட்டு உறுமத் தொடங்கியிருந்தது. நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காக இத்தகைய பெட்டி, பதிவு எதுவும் இல்லாத வேளையிலும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் உறங்காத வட்டு அது. எனவே எதை முதலில் எடுப்பது என்ற வரிசை முக்கியமாயிற்று. அந்த வரிசையில் மாணவிக்கு மட்டும் உரிமை இருக்கவில்லை.

“முதலில் என் நாட்ய சங்கீத்தை எடு. உன் உண்ணாவிரதம் பிறகு,” என்றார் அம்மையார்.

“காக்கூ, வட்டு எந்த நேரமும் நின்றுபோகலாம். செய்தியை முதலில் எடுத்துவிட்டால்…”

“அதனால்தான் சொல்கிறேன். எனக்காக அவர் பதிவு செய்தது அது ஒன்றுதான்.”

சஹ்யாத்ரி அலைவரிசையில் வந்த மராத்தி மேடையிசை நிகழ்ச்சிகள் அவை. பதினொரு பதிவுகள். ஒவ்வொன்றும் நிகழ்ச்சி தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே ஆரம்பித்தன. செய்திகளுக்கு நேரம் குறித்து வைத்தவர், இவற்றுக்கு மட்டும் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தியிருக்கிறார். சந்தா கட்டியவர், மின்கட்டணம் கட்டியவர், பெட்டியை வீட்டில் வைத்துக் காத்தவர் அந்த அம்மையார். ஆய்வறங்கள் பற்றிய கருத்தரங்குகளில் தகவல் தருபவரின் ஒப்புதல் குறித்து நிறையப் பேசுகிறோம். மூலத்தின் உடைமையாளருக்கு அந்த மூலத்தில் வேறொரு தேவை இருக்கும்போது என்ன செய்வது என்பதற்குப் படிவம் ஏதும் இல்லை. மாணவி நாட்ய சங்கீத்தை முதலில் எடுத்தாள். அதற்கே இரண்டு நாள் போயிற்று.

பிறகு செய்திகள். ஒன்பதாம் நாள் மாலை, 26ஆம் தேதிப் பதிவின் நடுவே படம் கட்டங்களாக உடைந்து நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டதும் பட்டியல் வெறுமையாக வந்தது. மறுவாரம் நிறுவனத்தின் ஆள் வந்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு பெட்டியை எடுத்துப்போனார்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் தலைப்பில் இருந்த ‘ஆகஸ்ட் 16–28’ இப்போது ‘ஆகஸ்ட் 16–25’ ஆகியிருக்கிறது. ஏன் என்று ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. நாட்ய சங்கீத் பதிவுகள் பதினொன்றும் ஒரு பென்டிரைவில் காக்கூவின் தொலைக்காட்சியில் ஓடுகின்றன. நான்கில் ஒலி படத்தைவிடச் சற்று முந்துகிறது. மலிவான பிடிப்புக் கருவிகளில் இது வழக்கம். சரிசெய்யும் வேலை இன்னும் பாக்கி.