மத்தியானத் தூக்கம்

மகளுக்கு ஒரு வயது நெருங்குகையில், அவளைப் பகலில் எங்கே விடுவது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. மனைவியின் 26 வார விடுப்பு எப்போதோ தீர்ந்திருந்தது. துணைக்கு வந்திருந்த மாமியாருக்கு ஊரில் வேறு பேரக் குழந்தைகள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். மனைவியின் அலுவலகத்தில் 38 பேர். சட்டம் வாசலோடு நின்றுவிட்டது.

1969-இல் தில்லியில் மீரா மகாதேவன், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலிப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். தாய் இருக்கும் இடத்துக்குத் தொட்டில் போன காரியம் அது. நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டிலைத் தேடி வேளச்சேரியில் அலைந்தோம்.

முதல் இடத்தில் சுவரெல்லாம் மிக்கி மவுஸ். அலுவலகத்தில் இருந்தபடியே கைப்பேசியில் குழந்தையைப் பார்க்கலாம் என்று கேமராவைப் பெருமையோடு காட்டினார்கள். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது இந்த வியாபாரத்துக்குச் சௌகரியம்தான். இரண்டாவது இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; பினாயில் வாடை.

மூன்றாவது இடத்துக்கு, சொல்லாமல், மத்தியானம் இரண்டு மணிக்குப் போனோம். காப்பகத்தின் சுபாவம் அந்த நேரத்தில்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம். பாயில் ஆறு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தூங்காத ஒருவனை ஆயா அதட்டவில்லை. ஒரு காலி டப்பாவைக் கொடுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மனைவியிடம் மெதுவாகக் கேட்டாள்:

"பாப்பா எப்படித் தூங்கும்க்கா? தட்டிக் குடுக்கணுமா, தூளியா?"

வேறெங்கும் எவரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை.

"உனக்குக் குழந்தை இருக்காம்மா?" என்றாள் மனைவி.

"ஒரு பையன். மூணு வயசு. ஊர்ல அம்மாகிட்ட விட்டிருக்கேன்."

வெளியே வந்ததும், இங்கேயே சேர்த்துவிடலாம் என்றாள் மனைவி. நானும் அதையே நினைத்திருந்தேன். அவள் கை அப்படிப் பழகியது எந்தக் குழந்தையிடம் என்பதை இருவருமே பேசவில்லை.

மறுநாள் பணம் கட்டுகையில், மாதம் இவ்வளவு வாங்குகிறீர்களே, ஆயாவுக்கு எவ்வளவு போகிறது என்று உரிமையாளர் அம்மாளிடம் கேட்டேன். அவர் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தடுப்பூசி அட்டை கொண்டுவந்திருக்கிறீர்களா என்றார்.