பாகூர்க் கலிங்கலுக்கு வா

பாகூர்,
ஆவணி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குற்றால அருவிப் படங்களைப் பெரிதாக்கி அம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். கூடவே, "நம்ம ஊர்ல எடுக்க என்னக்கா இருக்கு?" என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் போனில் அடங்காது.

மலையில்லாத ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகூர் ஏரி நிரம்பினால் கலிங்கலில் தண்ணீர் விழுமே, அதை மறந்துவிட்டாயா? உயரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வந்த தூரத்தை நினைத்துப் பார். நந்தி மலைப் பக்கம் பிறந்த தென்பெண்ணை, சாத்தனூர் அணையைத் தாண்டி, சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்காலில் நடந்து நம் ஏரிக்கு வருகிறது. வழியெல்லாம் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக வரும். அந்த நிறத்துக்காகவே அதைப் படம் எடுக்க வேண்டும்.

உன் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை. எல்லாவற்றையும் ஒரு விநாடி ஷட்டரில் எடுத்திருக்கிறாய். தண்ணீர் பால் போல வழிகிறது, அழகுதான். ஆனால் ஐந்தருவி எது, பழைய குற்றாலம் எது என்று பாறையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருமுறை 1/15 வைத்துப் பார். ஓட்டமும் தெரியும், நுரை முறுக்கிக்கொண்டு இறங்குவதும் தெரியும். கலிங்கலில் நான் 1/1000க்குக் குறைய மாட்டேன். புதுத்தண்ணிக்கு எதிரேறும் கெண்டை துள்ளுவதும், அதற்காகக் காத்திருக்கும் மடையான் சட்டென்று கழுத்தை நீட்டுவதும் அதில்தான் கிடைக்கும். ஈரக்கல்லில் ஒட்டிய பாசியை எடுக்கும்போது போலரைசரை மாட்டிக்கொள். கல்லின் பளபளப்பு அடங்கி, பச்சை எழுந்து வரும்.

கலிங்கலைவிட உனக்குக் காட்ட நான் ஆசைப்படுவது சம்பா வயலைத்தான். விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து நாற்றுத் தாளின் நுனியைப் பார். ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி நிற்கும். எல்லாரும் பனித்துளி என்பார்கள். பெரும்பாலும் அது பயிர் தானே வெளியே விட்ட தண்ணீர். இரவில் இலை வழியாக ஆவி போவது குறைந்துவிடும். வேர் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தாது. அந்த அழுத்தத்தில் நுனியிலும் ஓரத்திலும் இருக்கும் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது. பனியாக இருந்தால் இலை முழுக்கப் படர்ந்திருக்கும். இது நுனியிலும் ஓரத்திலும் மட்டும் வரிசையாக நிற்கிறது பார். துளிக்குள் ஃபோகஸ் செய்தால் பின்னால் இருக்கும் பனைமரம் தலைகீழாகத் தெரியும். வெயில் ஏறினால் போய்விடும், அதனால் துளியை முதலில் எடு. மேக்ரோவில் சில மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும். காற்று அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்துத் தாளில் தட்டான் இறக்கை நனைந்து உட்கார்ந்திருக்கும். உடம்பு சூடேறும் வரை பறக்காது. அதனால் எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் போகலாம், தொடாமல் இருந்தால் சரி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூரில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது நான் கேமராவைத் தொடவே இல்லை. வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் லென்ஸை நீட்ட மனம் வரவில்லை. அந்த வெள்ளம் போலவே கலிங்கலும் ஆபத்தானது: விழுந்த தண்ணீர் அடியில் சுழன்று ஆளை உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். கரையில் நின்று எடு, தண்ணீரில் இறங்காதே.

உனக்குக் குற்றாலச் சீசன் முடிகிற நேரம்தான் எங்களுக்கு மழை தொடங்கும். ஐப்பசிக் கடைசியில் வா. பொதிகையில் வந்து விழுப்புரத்தில் இறங்கினால், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ் கிடைக்கும். நடுவில் ஒருநாள் ஊசுட்டேரிக்கும் போய்ப் பறவைகளைப் பார்ப்போம். 2008-இல் சரணாலயமாக அறிவித்த பிறகு நீ அங்கே போகவே இல்லையே. மேக்ரோ லென்ஸ் கட்டாயம் கொண்டு வா. டிரைபாட் என்னிடம் இருக்கிறது. ஏரி நிரம்பி வரும்போது போன் செய்கிறேன், அதற்குப் பிறகு டிக்கெட் போடு.

அன்புடன்,
அக்கா