இரண்டே சுரங்கள்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஞாயிறு காலையில் தெருமுனைத் தேவாலய மணிகள் ஒலிக்கத் தொடங்கினால் எனக்கு மனம் கனத்துப்போகும். ஊர்க் கோயிலில் மணி கேட்டால் பூசை தொடங்கிவிட்டதென்று ஓடுவோம். இங்கே ஆறு மணிகள், பாட்டும் இல்லாமல் தாளமும் பிடிபடாமல், வரிசை மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். யாரைக் கூப்பிடுகின்றன என்று விளங்காது.

பல வருடங்கள் கழித்து, எங்கள் புதன்கிழமைத் தாளவாத்தியக் குழுவுக்காக ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘தி பெல்ஸ்’ உருப்படியை மாற்றி எழுத உட்கார்ந்தேன். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கையெழுத்துத் தொகுப்பில், ஏறத்தாழ 300 உருப்படிகளுக்கு நடுவே அது இருக்கிறது. வர்ஜினல் என்ற சின்னப் பெட்டி வாத்தியத்தில் வாசித்த இசை. விசையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகு முள் கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி அவ்வளவுதான், நீட்டவும் வழியில்லை. அதனால்தான் அந்தக் கால இசையில் சுரத்துக்குச் சுரம் அத்தனை அலங்காரம் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் குழுவின் மரிம்பா மரக்கட்டைக்கும் ஒலியை நீட்ட முடியாத அதே குறை. மேல் சுரங்கள் தட்டியதுமே அடங்கிவிடும். நீண்ட சுரம் வந்த இடமெல்லாம் ‘ரோல்’ போட்டேன். இரண்டு குச்சிகளாலும் விடாமல் தட்டி ஒலியை நிறுத்திவைப்பது அது. ஒத்திகையில் தகரக் கூரையில் மழை பெய்வது போலிருந்தது. பேர்ட் எங்கேயோ அடியில் மூழ்கிப்போனார்.

குழுவில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். தேவாலய மணி அடிப்பவரும் அவர்தான். “ஒருநாள் கோபுரத்துக்கு வாருங்கள்” என்று கூப்பிட்டார். குறுகிய படிகளில் ஏறிப் போனேன். கயிற்றில் கம்பளி சுற்றிய பிடி; கைக்கு இதமாக இருந்தது. மேலே மணி வாய் வானத்தைப் பார்க்க நிற்கிறது. இழுத்தால் முழுவட்டம் சுற்றி வந்து மறுபடி அப்படியே நிற்கும். அத்தனை கனத்தை அவசரப்படுத்த முடியாது. கொஞ்சம் நிறுத்திப் பிடிக்கலாம், கொஞ்சம் முந்தி விடலாம், அவ்வளவுதான். பாட்டு வாசிக்க அதில் இடமே இல்லை. பக்கத்து மணியோடு இடம் மாறிக்கொள்ளத்தான் முடியும். ஞாயிறுதோறும் நான் கேட்டது அந்த இடமாற்றத்தைத்தான்! இந்தக் கலை முழு உருப்பெற்றது 1623இல் பேர்ட் மறைந்த பிறகு. ஆனாலும் கயிற்றைப் பிடித்தபோது என் தவறு புரிந்தது. “இழுத்தாச்சா, பிறகு மணியை விட்டுவிட வேண்டும்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து ரோல்களையெல்லாம் அழித்தேன். பேர்டின் உருப்படி முழுவதும் அடியில் இரண்டே சுரங்கள், ஸ ரி என்பது போல, மாறி மாறி வருகின்றன. அதன் மேல்தான் ஒன்பது பகுதிகளும் கட்டுக்கட்டாக எழும்புகின்றன. அந்த இரண்டையும் ஒருவரிடமே கொடுத்திருந்தேன். இப்போது இரண்டு பேருக்குப் பிரித்தேன், ஆளுக்கு ஒரு மணி என்பது போல. மேலே ஓடும் அலங்காரங்களை வைப்ரஃபோனுக்கும் குளோக்கன்ஸ்பீலுக்கும் பங்கிட்டேன்.

அடுத்த புதன்கிழமை ஓட்டுநருக்குக் கீழ்ச் சுரம் ஒன்று மட்டும். அடித்துவிட்டுக் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் பெண்ணின் சுரத்துக்காகக் காத்திருந்தார். அவள் கை இறங்கியதும் அவர் மெல்லத் தலையசைத்தார்.