பிடி தளர்ந்த வண்டி

தலைநகரில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு எங்கள் தந்தையாரின் வண்டி இன்னும் நினைவிருக்கலாம். கரோல்பாக்கிலிருந்து புறப்பட்டு, இராமகிருஷ்ணபுரத்துக்கும் லோதி காலனிக்கும் சரோஜினி நகருக்கும் திருமணச் சமையலின் அண்டாக்களையும் தவலைகளையும் சுமந்து சென்ற பச்சை நிறப் பிக்கப் வண்டி அது. அமெரிக்கத் தயாரிப்பு. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றில் உழைத்து, இரண்டு கைகள் மாறிப் பின்னர் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் சுக்கான் இடப்பக்கம் இருந்தது. எதிரே வருவது ஓட்டுபவருக்கு எளிதில் தெரியாது. ஆதலால் உடன்பிறந்தவர்களான எங்களில் ஒருவர் எப்போதும் வலப்பக்கம் அமர்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். “முந்தலாமா?” என்று தந்தையார் கேட்பார், “முந்தலாம்” என்றோ “வேண்டாம்” என்றோ நாங்கள் சொல்வோம். எங்கள் சொல்லை நம்பியே அவர் வண்டியைத் திருப்புவார்.

அந்த வண்டியில் மற்றொரு புதுமையும் உண்டு. அதற்குத் தானியங்கிக் கியர். அக்காலத்தில் நம் நாட்டில் ஓடிய வண்டிகள் ஏறக்குறைய அனைத்தும் காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுபவை. எங்கள் வண்டியிலோ கிளச்சு மிதியே இல்லை. எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று வேலை செய்வது எண்ணெய்தான். எஞ்சினின் சுழற்சியை முதலில் கியர்பெட்டிக்குக் கொண்டு சேர்ப்பதும் அது. உள்ளே அடுக்கடுக்காக உள்ள கிளச்சுத் தகடுகளையும் இரும்புப் பட்டைகளையும் அழுத்திப் பிடிக்க வைப்பதும் அது. உராய்வின் சூட்டைத் தணிப்பதும் அதுவே. எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் தகடுகள் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் தகடுகளின் மேற்பூச்சு கருகும், கருகினால் மேலும் வழுக்கும். இவையெல்லாம் எங்களுக்குப் பின்னாளில் விளங்கியவை.

யமுனை பெருக்கெடுத்த 1978ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் வண்டி வழுக்கத் தொடங்கிற்று. சங்கர் சாலையில் ரிட்ஜ் மேட்டின் ஏற்றத்தில், பின்னே சாம்பார் அண்டா ததும்ப, எஞ்சின் மட்டும் ஓலமிட்டது. வண்டி நகர மறுத்தது. முகூர்த்த வேளைக்குள் போய்ச் சேர்ந்தது தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும். பட்டறை ஒன்றில் காட்டினோம். கியர்பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும், உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். தை மாதத்தில் எங்கள் தமக்கையாரின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நாலாயிரம் ரூபாய்க்கு அப்போது எங்கள் வீட்டில் வேறு பெயர் இருந்தது.

தந்தையார் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். கியர்பெட்டியின் அளவுக்கோலை உருவிப் பார்த்து, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினால் இரண்டு மூன்று நாள்கள் வண்டி புதிது போல ஓடும். பிறகு மறுபடியும் வழுக்கும். ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் கசிந்திராது. எங்கே போகிறது என்பது புரியாத புதிராக இருந்தது. வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். முடிவைச் சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்க வந்தவர் ஓர் இளைஞர். கும்பகோணத்துப் பக்கம், டில்லிக்கு வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் வேலை செய்து வந்தவர், சொந்தமாகச் சமையல் ஒப்பந்தம் எடுக்க விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தந்தையார் எண்ணெய் ஊற்றினார். புனலைப் பிடித்துக்கொண்டது எங்கள் கைகள். அதே சங்கர் சாலை ஏற்றத்தில் வண்டி தடங்கலின்றி ஏறிற்று. வலப்பக்கம் அமர்ந்து “முந்தலாம், முந்தலாம்” என்று குரல் கொடுத்தவர்களும் நாங்களே. இளைஞர் முகம் மலர்ந்து, ஒன்பதாயிரத்துக்குப் பேசி, ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். “அண்ணா, அவளுடைய வளையல்களை வைத்துத்தான் மிச்சத்தைப் புரட்ட வேண்டும். ஊர்க்காரர் வண்டி என்பதால் வேறு எதையும் பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு தந்தையார் உண்ணவில்லை. அன்னையார் காரணம் கேட்கவுமில்லை. அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? நெடுநேரம் சென்று, “நம் பெண்ணுக்கு வளையல் போடுவதற்கு இன்னொருத்தி கையிலிருப்பதைக் கழற்ற வேண்டுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அந்த இருளில் நாங்கள் விழித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பொழுது விடிந்ததும் தந்தையார் அந்த இளைஞரின் வீடு தேடிச் சென்று, முன்பணத்தை அவர் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். அவர் சினந்திருந்தால் நியாயம். வெகுநேரம் பேசாதிருந்த அவர் பிறகு, “பணம் உங்களிடமே இருக்கட்டும், அண்ணா. முதலில் நோய் என்னவென்று பார்ப்போம்” என்றாராம். இருவருமாக வண்டியைக் காஷ்மீரி கேட்டுக்குக் கொண்டு போனார்கள். விடுமுறை நாளாதலால் நாங்களும் உடன் சென்றோம்.

அங்கே ஒரு முதிய சர்தார்ஜியின் பட்டறை. பிரிவினையின்போது ராவல்பிண்டியிலிருந்து வந்தவர். தந்தையாரின் தமிழ் மணக்கும் இந்தியை அவர் பொறுமையாகக் கேட்டார். உடனே எதையும் பிரிக்கவில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் சூடேறும் வரை ஓடவிட்டு, அளவுக்கோலை உருவித் துடைத்து மறுபடி நுழைத்து எடுத்தார். எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தது. முகர்ந்து பார்த்தார்; இலேசான தீய்ந்த வாடை. பிறகு, வண்டியின் பின்னே சென்று புகைக்குழாயைக் கூர்ந்து பார்த்தார். வெண்புகை வந்துகொண்டிருந்தது. தலையசைத்துக்கொண்டு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்குச் செல்லும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைப் பிடுங்கினார். அதனுள்ளிருந்து எண்ணெய் வழிந்தது.

எங்கள் புதிர் அவிழ்ந்தது. எஞ்சின் எவ்வளவு பளு இழுக்கிறது என்பதைக் கியர்பெட்டிக்கு உணர்த்துவதற்காக அதன் உறிஞ்சு விசை அக்குழாய் வழியே ஒரு சிறு தகரச் சிமிழுக்குச் செல்கிறது. வாக்குவம் மாடுலேட்டர் என்பது அதன் பெயர். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. அந்தச் சவ்வு கிழிந்துவிட்டால், எஞ்சின் கியர்பெட்டியின் எண்ணெயையே உறிஞ்சி எரித்துப் புகையாக்கிவிடும். தரையில் சொட்டு விழாததன் காரணம் இதுதான். எண்ணெய் குறைந்த நிலையில் ஏற்றத்தில் மிச்சமுள்ளதும் பின்பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அழுத்தம் வீழ்கிறது, பிடி தளர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உறுப்புக்காகப் பெட்டி முழுவதையும் பிரிக்க இருந்தோம்!

புதிய சிமிழ் கிடைக்கவில்லை. சர்தார்ஜி சொன்ன குறிப்பின்படி மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, உடைத்துப் போட்ட அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து எடுத்தோம். நல்லதா என்று அறியும் முறையையும் அவர் கற்றுக்கொடுத்திருந்தார்: அதன் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, நாவால் அடைக்க வேண்டும், நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் சவ்வு கிழியவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக உறிஞ்சிப் பார்த்தோம். ஒட்டிற்று. பெட்ரோல் மணம் இரண்டு நாள் நாவில் இருந்தது.

பின்னர் அவர் கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். அதில் கரிய பொடி படிந்திருந்தது. அது கருகிய தகடுகளின் மேற்பூச்சு. வடிகட்டியைக் கழுவி, அந்த வண்டிக்கென விதித்த வகை எண்ணெயைப் புதிதாக ஊற்றினார். இரண்டாம் கியருக்குரிய பட்டையின் திருகை 10 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்கி, கையேட்டில் கண்டபடி ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திப் பூட்டினார். மிகவும் இறுக்கினால் பட்டை ஓயாமல் உராய்ந்து கருகும். தளரவிட்டால் பிடிக்காது என்றார். மாலையில் வண்டி நன்றாக ஓடிற்று. ஆயினும் அவர் இளைஞரைத் தனியே அழையாமல், தந்தையாரின் எதிரிலேயே சொன்னார்: “நோய் தீர்ந்தது. ஆனால் தெரியாமல் ஓட்டிய நாள்களில் கருகியது கருகியதுதான். ஓடும், எத்தனை நாள் என்று நான் சொல்ல மாட்டேன்.”

ஒன்பதாயிரம் ஏழாயிரம் ஆயிற்று. தமக்கையாரின் கழுத்தில் ஒரு சங்கிலி குறைந்தது. அவர் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. 1981இல் அந்த வண்டியின் கியர்பெட்டி உண்மையாகவே கைவிட்டது. தந்தையார் கலங்கிப் போய்ப் பாதிச் செலவைத் தாம் தருவதாகச் சொல்லியனுப்பினார். “அன்றே எல்லாவற்றையும் சொல்லித்தானே கொடுத்தீர்கள்” என்று மறுமொழி வந்தது. அதன் பின்னர் இரு குடும்பங்களிலும் ஒருவர் இன்றி மற்றவர் வீட்டு விசேஷம் நடந்ததில்லை.

தந்தையார் இப்போது இல்லை. தலைநகரின் வீதிகளில் தானியங்கி வண்டிகள் இன்று மலிந்துவிட்டன. எங்கள் பிள்ளைகள் அவற்றைத்தான் ஓட்டுகிறார்கள். அவற்றுள் பலவற்றில் கியர் எண்ணெயைச் சோதிக்க அளவுக்கோலும் இல்லை. வழுக்கும் வண்டியின் இயல்பு இதுதான்: ஓசை மிகும், ஓட்டம் குறையும், மேலே ஊற்றி மறைத்தால் சில நாள் தெரியாது, மறைத்த நாள்களிலோ உள்ளே கருகிக்கொண்டிருக்கும். ஊரும் உறவும் விட்டு வந்து வாழும் நமக்கு “ஊர்க்காரர்” என்ற ஒரு சொல்தான் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும் பிடி. பாஷை புரியாத நகரத்தில் முன்பின் அறியாதவரிடம் வளையலைக் கழற்றித் தரச் செய்வது அந்தச் சொல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது தந்தையாரின் பிழையைக் காட்டிலும் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கிறது. வலப்பக்க இருக்கையில் இருந்தவர்களுக்கு எதிரே வருவது தெரியும். தெரிந்தும் நாங்கள் “முந்தலாம்” என்றோம். அன்னையார் அன்றிரவு “வேண்டாம்” என்றார்.